படத்தில் ஓடிய வண்டி, வீட்டில் நின்ற வண்டி

என் அக்கா மகனுக்குச் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. தை பிறந்து காலண்டர் வேலை ஓய்ந்ததும் கையில் கொஞ்சம் காசு புரளும். அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு கிறுக்கும் பிடிக்கும். போன வருஷம் புறா. இந்த வருஷம் பழைய கார்.

டீக்கடை பெஞ்சில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் பிரித்து வைத்துவிட்டு, செல்போனில் இரண்டு போட்டோ காட்டினான். இரண்டும் கான்டசா. ஒன்று, விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வெளிர் மஞ்சள் வண்டி. பார்த்தால் பென்ஷன் வாங்கிய வாத்தியார் மாதிரி சாதுவாக இருந்தது. இன்னொன்று கன்னங்கரேல் என்று பளபளப்பு. பானட்டின் மேல் ஒரு திமில், அகல டயர், பின்னால் குழாய் குழாயாக இரண்டு சைலன்ஸர்.

“மாமா, இந்தக் கறுப்பு வண்டி படத்துல ஓடினதாம்.”

“எந்தப் படத்துல?”

“அதை நேர்ல வந்தா சொல்றேங்காரு புரோக்கர்.”

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது என்பது அவன் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இன்னொரு டீ சொல்லியாகிவிட்டது, வருவதற்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கான்டசாவை ‘இந்தியாவின் மசில் கார்’ என்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1964இல் அமெரிக்காவின் போன்டியாக் கம்பெனி, தன் நடுத்தர அளவுக் கார் ஒன்றில் பெரிய காருக்கான 6.4 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றது. 325 குதிரைத்திறன். ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி சின்னது, இலேசானது. பூட்டியிருக்கும் மாடுகளோ பாய்ச்சல் மாடுகள். வளைவில் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் பிறகு, நேர் ரோட்டில் யார் முந்துவது என்பதுதான் பேச்சு. மஸ்டாங், சார்ஜர் என்று அடுத்தடுத்து வந்த பெயர்களும் இந்த ரேக்ளா வரிசையில் சேர்ந்தவைதான்.

கான்டசாவின் கதை வேறு. இங்கிலாந்தில் வாக்ஸால் விக்டர் என்று 1970களில் ஓடிய காரின் அச்சுகளை வாங்கி வந்து, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இருந்த தன் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்தது. ரோட்டுக்கு வந்தது 1984இல். (அடுத்த வருஷம் மார்ச் 15ஆம் தேதிதான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து நம் விருதுநகர் மாவட்டமே பிறந்தது.) நீள மூக்கு, இடுப்பு ஒடுங்கிய பக்கவாட்டு, நாலு வட்ட விளக்கு. அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அமெரிக்க வண்டி மாதிரியே தெரிந்தது. உள்ளே இருந்ததோ அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். பெரிய வண்டியில் ஒற்றை மாடு. சில வருஷம் கழித்து ஜப்பானின் இசுசு எஞ்சின், 1.8 லிட்டர் பெட்ரோல், 88 குதிரைத்திறனோடு வந்த பிறகுதான் வண்டி வண்டியாக ஓடியது. 2002இல் நிறுத்திவிட்டார்கள். மசில் என்ற பெயர் அதன் உடம்புக்கு வந்தது, எஞ்சினுக்கு அல்ல. இதைச் சொன்னால் கான்டசாக்காரர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அந்தக் கார் பிடிக்கும் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

அடுத்து, ‘ஒரிஜினல்’ என்றால் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்வோம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் நாற்கரச் சாலை நெடுக அந்தப் பெயரைப் போர்டில் எழுதி எதை எதையோ விற்கிறார்கள். சில இடங்களில் ருசிகூட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பாலில் அந்த ஊர் அடுப்பில் கிண்டியதா என்ற கேள்விக்கு நாக்கு மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. எங்கே செய்தது, யார் கை மாறி வந்தது என்ற வரலாறு வேண்டும். காருக்கும் அப்படித்தான். ஆலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி இன்றைக்கும் அதே வண்டியில் இருக்கிறதா, எஞ்சினிலும் சேசிஸிலும் அடித்திருக்கும் எண்கள் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் ஒரிஜினல். பெயின்ட் மங்கியிருக்கலாம், சீட் கிழிந்திருக்கலாம், அது வேறு கணக்கு.

நம் பக்கத்துக் கான்டசாக்களில் இங்கேதான் வில்லங்கம். பெட்ரோல் குடிக்கிறது என்று எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் போட்டவர்கள் ஏராளம். அதை ஆர்.சி.யில் ஏற்றியவர்களும் உண்டு, ஏற்றாமல் ஓட்டியவர்களும் உண்டு. பானட்டைத் திறந்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எண் எண்ணாகப் படித்துப் பார்க்கும் வரை எந்த வண்டியையும் ஒரிஜினல் என்று நம்ப வேண்டாம்.

இப்போது சினிமாக் காருக்கு வருவோம். எல்லோரும் தவறாக நினைக்கும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம். ‘படத்தில் ஓடிய கார்’ என்றதும் நம் மனசில் ஒரே ஒரு கார் வந்து நிற்கிறது. கதாநாயகன் ஒருவன்தானே, அவன் காரும் ஒன்றுதானே? திரையில் ஒன்று. படப்பிடிப்புத் தளத்தில் அநேகமாக ஒன்றில்லை.

1968இல் வந்த ‘புல்லிட்’ ஹாலிவுட் படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் பச்சை மஸ்டாங்கில் சான்பிரான்சிஸ்கோ மேடுகளில் பறப்பார். திரையில் அது ஒரு வண்டி. வாங்கியது இரண்டு. ஒன்று, மெக்குவீன் முகத்தோடு கிட்டத்தில் காட்டுவதற்கு. மற்றது குதிப்பதற்கும் விழுவதற்கும். குதித்த வண்டி நொந்து நூலாகி மறைந்துபோய், 2017இல் மெக்சிகோவில் துருப்பிடித்த கூடாகக் கிடைத்தது. முகம் காட்டிய வண்டியை 1974இல் ஒரு குடும்பம் சுமார் 6,000 டாலருக்கு வாங்கி, வீட்டுக்கார அம்மா வேலைக்குப் போய்வர ஓட்டினார். 1977இல் மெக்குவீனே விலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதியும் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தபோது, கட்டணத்தையும் சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 26 கோடி ரூபாய். துடைத்து மெருகேற்றாமல், பழைய கீறல்களோடு அப்படியே நின்ற வண்டி அது. அதே வருஷத்து, அதே மாடல் சாதா மஸ்டாங் இதில் ஒரு சின்னத் துணுக்கு விலைக்குத்தான் போகும்.

மிச்சப் பணம் எதற்குக் கொடுத்தது? தாளுக்கு. கைமாறிய வரலாறு, மெக்குவீனின் கடிதம், கேமராவைப் பொருத்தப் பற்றவைத்த தடயங்கள். இவை இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு பச்சைக் கார்தான்.

இரண்டு வண்டி என்பதே சிக்கனம். 1979 முதல் 1985 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ தொடரில் ஆரஞ்சு நிற டாட்ஜ் சார்ஜர் ஒன்று வாரா வாரம் ஓடையைத் தாண்டும். தாண்டி விழுந்தால் வண்டி அத்தோடு சரி. தொடர் முடிவதற்குள் 300 வண்டிகள் வரை தீர்ந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். இதில் எதை ‘அந்தக் கார்’ என்பது?

பட்டாசுக்காரர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். கிஃப்ட் பாக்ஸை எடுங்கள். மேலே ஒட்டிய படத்தில் வானம் முழுக்கப் பூ. உள்ளே இருப்பது காக்கித்தாள் சுற்றிய குழாய். வெடித்து முடிந்ததும் தெருவில் கிடப்பது கருகிய அட்டை. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். சினிமாவிலும் மூன்று கார் உண்டு. கிட்டத்தில் காட்டும் அழகுக் கார் அந்தப் படம். ஸ்டன்ட் மாஸ்டர் ஓட்டும் கார் அந்தக் குழாய். உள்ளே இரும்புக் கம்பிக் கூண்டு, சீட் ஒன்றே ஒன்று, அடிபட்டு அடிபட்டு நிமிர்த்தியது. கடைசியில் வெடிக்கிற கார் பெரும்பாலும் எஞ்சின் கழற்றிய வெற்றுக்கூடு. அதில் எழும்பும் ஆரஞ்சுத் தீப்பந்தை நம் ஊர் ஃபோர்மேன்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சின்ன மருந்தால் பெட்ரோலைத் தூக்கி எறிந்து பற்றவைப்பது அது. நிஜமான வெடி இப்படி நின்று நிதானமாக மஞ்சளாக மலராது என்று அவர்களுக்குத் தெரியும்.

அழகுக் காரிலும் எல்லாம் நிஜமில்லை. என் மருமகன் காட்டிய கறுப்பு வண்டி யாரைப் பார்த்து வேஷம் கட்டியது என்று போட்டோவிலேயே தெரிந்தது: 2001இல் வந்த முதல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தின் கறுப்பு 1970 டாட்ஜ் சார்ஜர். அதில் பானட்டைப் பிளந்துகொண்டு வெளியே நிற்குமே ஒரு எந்திரம், அதன் பெயர் சூப்பர்சார்ஜர். எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கிற துருத்தி. கொல்லன் பட்டறைத் துருத்தியை எஞ்சினே சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் இருந்தது ஒப்புக்கு வைத்த பொம்மை என்று, அதற்கு வாகன ஆலோசகராக இருந்தவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, அந்தக் கறுப்புக் கான்டசாவின் பானட்டில் இருக்கும் திமில், ஒரு பொம்மையைப் பார்த்துச் செய்த பொம்மை.

நம் ஊர் சினிமாவுக்கு வருவோம். சிவகாசியில் லட்சுமி என்றால் முதலில் வெடிதான் ஞாபகத்துக்கு வரும். பழைய ரசிகர்களுக்கு 1985இல் வந்த ‘படிக்காதவன்’ படத்தில் ரஜினிகாந்த் ஓட்டிய டாக்சியும் வரும். அந்த லட்சுமியை இன்றைக்கு ஒருவர் கொண்டுவந்து நிறுத்தினால் நாம் எதைக் கேட்போம்? நம்பர் பிளேட்டைக் கேட்கக் கூடாது. படப்பிடிப்புக்கென்று பிளேட்டை மாற்றுவது சர்வசாதாரணம். படக்கம்பெனியின் வாடகை ரசீது, வண்டியோடு எடுத்த படப்பிடிப்புப் படங்கள், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரிகிற நெளிவோ கீறலோ அதே இடத்தில் வண்டியிலும் இருப்பது, இவற்றைக் கேட்போம். சென்னையில் பழைய வண்டிகளை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. கல்யாண வீட்டு வாசலில் ஓரமாக அரை நாள் நின்ற வண்டியும் ‘படத்தில் நடித்த வண்டி’ என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யில்லை. துணை நடிகரும் நடிகர்தானே.

சந்தேகமில்லாத சினிமாக் கார் பார்க்க ஆசையிருந்தால் வடபழனிக்குப் போகலாம். ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் பழைய கார்களையும் படப்பிடிப்புச் சாதனங்களையும் வைத்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 2023 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். படம் எடுத்த நிறுவனமே வைத்துக் காட்டும்போது இடையில் புரோக்கர் கிடையாது. சினிமா வாசமே வேண்டாம், வண்டி போதும் என்பவர்களுக்குக் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகம்.

டீ வந்துவிட்டது. சட்டத்தையும் ஒரு வாய் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பெயின்ட் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம், எஞ்சின் மாற்ற முறையாக அனுமதி வாங்கலாம். பாடியை வெட்டி ஒட்டினால் சிக்கல். 15 வருஷம் தாண்டிய காரை 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். திமிலும் இரட்டைச் சைலன்ஸருமாக டி.என். 95 ஆபீஸ் வாசலில் போய் நின்றால் இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சைலன்ஸர் வேறு ஆக்ஸிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடித்துத் தீ கக்குமாம், புரோக்கர் பெருமையாக வீடியோ அனுப்பியிருக்கிறார். எந்த ஊரில் வேண்டுமானாலும் அப்படி ஒரு வண்டி ஓட்டலாம். சிவகாசியிலா?

விண்டேஜ் என்று பதிவு செய்துவிடலாமே என்று அவன் கேட்டான். 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். பாடி, சேசிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. முதல் கான்டசா 1984 என்றால் 50 முடிய 2034 ஆகும். மஞ்சள் வண்டியை அதுவரை அப்படியே காப்பாற்றினால் அந்த வாசலுக்குள் நுழையலாம். கறுப்பு வண்டிக்கு அந்த வாசல் திமில் வைத்த அன்றைக்கே மூடிவிட்டது.

எனக்கு மஞ்சள் வண்டியின் மேல் ஒரு சாய்வு இருப்பதை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். கந்தக பூமி என்று நம்மைக் கேலி செய்வார்கள். மழை குறைவு, காற்று காய்ந்தது. அதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. தீக்குச்சி நமுத்துப்போகாத காற்றில் தகடும் சீக்கிரம் துருப்பிடிக்காது. கடற்கரை ஊரில் 30 வருஷம் ஓடிய காரின் தரைவிரிப்பைத் தூக்கினால் ரோடு தெரியும். விருதுநகர் கொட்டகையில் நின்ற கார் அப்படி இருக்காது. வெயில் தன் பங்குக்கு வேறு இடங்களில் கைவைக்கும்: டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருக்கும், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் முறுக்கு மாதிரி ஒடியும், கூரைப் பெயின்ட் வெளுத்திருக்கும். இதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். வெடித்த டேஷ்போர்டு பொய் சொல்வதில்லை. அந்த வயசில் புத்தம்புதுசாக மின்னுகிற வண்டியைப் பார்த்தால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

கேட்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், பெயின்டைக் கீறாமல் இருக்க ஒரு மெல்லிய துணி. டிங்கரிங் பட்டறையில் ஓட்டையை அடைக்கப் பட்டி பூசுவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல. மேலே பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். தகட்டில் கவ்வும், கனமான பட்டியில் நழுவும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். முதலில் கறுப்பு வண்டி. எந்தப் படம் என்ற கேள்விக்குப் புரோக்கர் ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். ரசீது கேட்டதும் அது ஓனரிடம் இருக்கிறது என்றார். துணி சுற்றிய காந்தத்தைப் பின் மட்கார்டில் வைத்து மெதுவாகக் கீழே இழுத்தேன். மேலே கவ்விக்கொண்டு வந்தது, சக்கரத்துக்கு மேல் ஒரு சாண் வந்ததும் பிடிப்பில்லாமல் என் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. மருமகன் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, பானட்டுத் திமிலின் மேல் வைத்துப் பார்த்தான். அங்கே ஒட்டவே இல்லை, ஃபைபர்.

விருதுநகர் கொட்டகையில் கோழி அடைத்திருந்தார்கள். மஞ்சள் வண்டியின் மேல் எச்சம், நாலு டயரிலும் காற்றில்லை. மண்டிக்காரரின் மகன் ஆர்.சி. புத்தகத்தை ஒரு பழைய தீப்பெட்டிக் கம்பெனி காலண்டர் அட்டைக்குள் வைத்திருந்தார். காந்தம் டிரைவர் பக்கக் கதவின் அடியில் ஒரு இடத்தில் மட்டும் நழுவியது. “அது நான் படிக்கிறப்ப கேட்ல இடிச்சது அண்ணாச்சி” என்றார் அவர், நாங்கள் கேட்காமலே.

பானட்டைத் திறந்து தூசியைத் துடைத்தோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் செய்வது போல, சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தான் மருமகன். அச்சகத்துக் கை, சீராகத் தேய்த்தது. சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்தது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தேன். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே “ம்... ம்...” என்று வந்தான். கடைசி எண்ணுக்கும் ‘ம்’ சொல்லிவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோழிகளை எப்போது வேறு இடத்துக்கு மாற்றுவீர்கள் என்று கேட்டான்.